எழுதாமல் விட்ட வெள்ளை

ஆக்சீலியாவின் சூளைக்கு
நான் முதலில் போனது செங்கல் மாற்ற.
இரும்பாலையில் இருபத்தாறு வருடம்
உலைக்கு உள்சுவர் கட்டியவன்.
சக்கரத்தைப் பார்த்தாலே தலை சுத்தும் என்றேன்.
"சுத்துறது அதுதானே, நீங்க உக்காருங்க."
என்னைவிட ஒன்பது வயது இளையவள்.

நாகலூர் போகும் வழியில்
பழைய காப்பிக் கிடங்கு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து
முப்பத்தோரு வருடமாக
ஒரே ஒரு வெள்ளையைத் தேடுகிறாள்.
பால் இல்லை. சுண்ணாம்பு இல்லை.
ஜவ்வரிசி பாதி வெந்து நிற்குமே, அதுவும் இல்லை.
மலை ஆரஞ்சை உரித்தால்
தோலின் உட்பக்கம் இருக்கும் வெள்ளை.
"ஈரமும் இல்ல, காஞ்சதும் இல்ல.
அப்படி ஒரு மெருகு வேணும்."

அதற்காக எரித்துச் சாம்பலாக்கியவை:
காப்பித் தொலி, சில்வர் ஓக் சருகு,
பட்டுப்போன மிளகுக்கொடி,
திருவிழா முடிந்த மைதானத்துக் கரும்புச் சக்கை,
ஒரு தடவை, நின்றுபோன தன் கல்யாணத்தின்
பத்திரிகைக் கட்டு முழுவதும்.
"பச்சையா வந்துச்சு" என்றாள்,
அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.
செங்கரட்டிலிருந்து வெள்ளைக்கல் பொடியை
லாரிக்கார அங்கமுத்து டிபன் டப்பாவில் கொண்டுவருவார்.
மலையின் சிவப்பு மண் எதற்கும் உருகாது.
அதற்கு மட்டும் "மாமியார்" என்று பேர் வைத்திருந்தாள்.

கட்டைவிரல் அளவில் சோதனைத் துண்டுகள்,
ஓட்டை போட்டு, எண் கீறி, கம்பியில் கோர்த்தவை.
நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.
காற்றடித்தால் கிடங்கே பல்லைக் கடிக்கும்.

பழக வருகிறவர்கள் பலவிதம்.
இரவு டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் செல்வாம்பிகை,
மூடி மட்டுமே செய்யும் கண்டக்டர் தவசீலன்,
எதையாவது உடைத்துவிட்டு மறுவாரமும் வரும் இரட்டையர்.
யாரிடமும் சரி என்றோ தப்பு என்றோ சொன்னதில்லை.
கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு தருவாள்.
கேட்பது ஒரே கேள்வி:
"எழுதினியா?"

ஆடி மாதம். கரண்ட் இல்லை.
நான் மெருகு கலக்கிக்கொண்டிருந்தபோது
அம்மாப்பேட்டையிலிருந்து மகள் போன் செய்தாள்.
மாப்பிள்ளை மறுபடியும் வேலையை விட்டுவிட்டாராம்.
காதில் போன், கையில் கரண்டி.
எதை எவ்வளவு அள்ளினேன், தெரியாது.

சூளை திறந்த அன்று
இடுப்பொடிந்த என் கிண்ணத்தின் உட்புறத்தில்
இருந்தது,
அது.

ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.
விரலால் தேய்த்தாள்.
நாக்கை வைத்துப் பார்த்தாள்.
செல்வாம்பிகை மூச்சுவிடவில்லை.
திரும்பி என்னிடம், மெதுவாக:
"எழுதினீங்களா?"

அதற்கப்புறம் ஏழு மாதம்
என்னை ஒரு கனிமத்தைப் போல அரைத்துச் சலித்தாள்.
எந்தக் கரண்டி? தலை தட்டினீங்களா, கூம்பாவா?
மகள் அழுதாளா? எந்த இடத்துல அழுதா?
அப்போ கை நின்னுச்சா?
சாம்பல் டப்பா உங்களுக்கு இடப்பக்கமா?
இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் சுட்டோம்.
பல் வெள்ளை, பஞ்சு வெள்ளை, சோற்றுக் கஞ்சி வெள்ளை.
தவசீலன் தன் மூடி ஒன்றை நீட்டினான், கிட்டத்தட்ட.
"கிட்டத்தட்டங்கறது ஒரு ஊர்.
அங்கதான் முப்பது வருஷம் குடியிருந்தேன்" என்றாள்.
ஆனாலும் அவனுடைய அளவை வாங்கித்
தன் நோட்டில், அவன் பெயர் போட்டு, எழுதிக்கொண்டாள்.

நேற்று தராசை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள்.
டப்பாக்களை வரிசையாக வைத்தாள்.
கரண்டியை என் கையில் கொடுத்து,
"அன்னைக்கு மாதிரியே
கவனமில்லாம அள்ளுங்க" என்றாள்.

கவனமில்லாமல் இருக்க
இவ்வளவு கவனம் வேண்டும் என்று தெரியாது.
மகளுக்கு நானே போன் போட்டேன்.
மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டதாம்,
கொண்டலாம்பட்டியில், நல்ல சம்பளமாம்.

ஆக்சீலியா பேனாவை மூடி வைத்தாள்.
"சே" என்றாள்,
பிறகு, "சந்தோஷம், சந்தோஷம்னு சொல்லுங்க"
என்று என் தோளில் தட்டினாள், சாம்பல் கையால்.
நான் அள்ளினேன்.